டர்பன் போட்காரங்களுக்கு: 316எல் மெட்டல் 3டி பிரிண்டிங் சர்வீஸ் எப்படி?

ஹார்பர்ல போட் ரிப்பேர் பாக்குறவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன். ஒரு பழைய கடல் தண்ணி பம்புக்கு இம்பெல்லர் (தண்ணியத் தள்ளுற பிளேடு சக்கரம்) எங்கயுமே கிடைக்கல, கம்பெனியே அந்த மாடல நிறுத்திட்டாங்க, அதனால ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு மெட்டல் 3டி பிரிண்டிங் கடையில (பேரு வேணாம்) 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பிரிண்ட் பண்ணி வாங்குனோம், அதாவது ஸ்டீல் பொடிய லேசர்ல உருக்கி அடுக்கடுக்கா கட்டுறது.

சைஸ் பக்கா, ஷாஃப்ட்ல கச்சிதமா உக்காந்துச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா கொஞ்ச நாள்லயே பிளேடு அடியில, விரல் நுழையாத அந்த மூலையில பழுப்புக் கறை வந்துடுச்சு. லென்ஸ் வச்சுப் பாத்தா முழுசா உருகாத பொடி உருண்டைங்க கடுகு தூவுன மாதிரி ஒட்டிட்டு நிக்குது. அதுக்கு அடியில உப்புத் தண்ணி தேங்கும், ஆக்சிஜன் போகாது, குளோரைடு சேரும், துருவத் தடுக்குற குரோமியம் ஆக்சைடு படலம் அங்கதான் முதல்ல உடையும். பம்பு ஓடாம சும்மா கெடந்தா இன்னும் மோசம்.

இத வச்சு பிரிண்ட் பண்ண மெட்டலே மட்டம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். சாதாரண 316எல் தகடு, ராடு இதுலல்லாம் மாங்கனீஸ் சல்ஃபைடு துகள் இருக்கும், குழி விழுறது பெரும்பாலும் அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். லேசர்ல உருகுன ஸ்டீல் செகண்டுக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்துல ஆறிடுது, அந்தத் துகள் வளர நேரமே கிடைக்காது. 16-18 சதவீதம் குரோமியம், 2-3 சதவீதம் மாலிப்டினம், எல்லாம் அதே கணக்குதான். உள்ள ஓட்டை இல்லாம, மேல நல்லா பாலிஷ் பண்ண பீஸா இருந்தா உப்புத் தண்ணி டெஸ்ட்ல சாதாரண 316எல்லுக்குச் சமமா, பல நேரம் அதவிட நல்லாவே தாங்குது.

எனக்கு வருத்தம் என்னன்னா, கடல் தண்ணிக்குத்தான்னு ஆர்டர்லயே தெளிவா எழுதியிருந்தோம், அப்படியும் வெறும் பீட் பிளாஸ்டிங் (பொடி மணிய வேகமா அடிச்சு மேல்பக்கத்த சுத்தம் பண்றது) பண்ணி அனுப்பிட்டாங்க, பாசிவேஷன் (ஆசிட்ல கழுவி அந்தக் குரோமியம் ஆக்சைடு படலத்த நல்லா உருவாக வைக்கிறது) பத்தி கொட்டேஷன்ல ஒரு வார்த்தை இல்ல. அவங்க ஊரு காஞ்ச காத்துக்கு அது போதும், இங்க டர்பன்ல கடலோரம் இருக்குற பிளஃப் பக்கம் கேட்டு கீலே துருப்பிடிச்சுப் போகுது!

போன் பண்ணதும் மறுபேச்சு பேசாம திரும்ப எடுத்துக்கிட்டாங்க, அத சொல்லியே ஆகணும். எலக்ட்ரோபாலிஷ்ல (கரண்ட் விட்டு மேல்பக்கத்தக் கரைச்சு வழவழப்பாக்குறது) உள் மூலைக்கு கரண்ட் சரியா போகாதுன்னு முதல்ல அங்க கையால தேய்ச்சு, அப்புறம் எலக்ட்ரோபாலிஷ், கடைசியா சிட்ரிக் ஆசிட்ல பாசிவேஷன்னு பண்ணிக் கொடுத்தாங்க. தனியா ரேண்ட் வாங்குனாங்கதான், ஆனா இப்ப அந்த மூலையில ஒரு பொட்டுக் கறை இல்ல.

ஆர்டர் போடுறவங்க டென்சிட்டி ரிப்போர்ட்ட (உள்ள ஓட்டை இல்லாம எவ்வளவு கெட்டியா இருக்குன்னு காட்டுறது) கண்டிப்பா கேளுங்க, உருகாம விட்டுப்போன ஓட்டை மேல்பக்கம் தெறந்துச்சுன்னா எந்த பாலிஷும் காப்பாத்தாது.

5க்கு 3 ஸ்டார் குடுக்குறேன். கடல் வேலைக்கு பாசிவேஷனையும் கொட்டேஷன்லயே சேத்துக் குடுத்தாங்கன்னா தாராளமா 4 குடுப்பேன்.