உள்ளங்கால் கறுப்புப் புள்ளிக்கு எந்தக் கருவி?

தோல் புற்றுநோயை ஒளியால் தேடும் கருவிகளில் விலை கூடியதுதான் திறம் என்ற நினைப்பு கொழும்பில் செல்லாது. நம்மைப் போன்ற நிறத் தோலில் மெலனோமா, அதாவது தோலின் நிறக் கலங்களில் வரும் புற்றுநோய், வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான். கருவியை எடைபோட வேண்டிய இடமும் அதுவே.

டேர்மோஸ்கோப் என்பது தோலைப் பார்க்கும் விளக்கு வைத்த உருப்பெருக்கி, கையில் அடங்கும், 10 மடங்கு பெருக்கிக் காட்டும். உள்ளங்காலில் முதலில் பார்க்க வேண்டியது, கறுப்பு நிறம் தோல் ரேகையின் பள்ளத்தில் ஓடுகிறதா மேட்டில் ஓடுகிறதா என்பதை. பள்ளத்தில் என்றால் அநேகமாகச் சாதாரண மச்சம். மேட்டில் என்றால் சந்தேகப்பட வேண்டும். வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசை கட்டி நிற்பது மேட்டில். அப்படியும் மட்டுப்பிடிக்க முடியாவிட்டால் மார்க்கரால் பூசி ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், மை பள்ளத்தில் தங்கிவிடும்.

ஏமாற்றுபவை இரண்டு. மருதோண்டிக் கறை மேட்டில் படிந்து மெலனோமா போலவே தெரியும். சப்பாத்து உரசி உள்ளே கசிந்த இரத்தமும் அப்படித்தான். கசிவை பிளேட் நுனியால் மெல்லச் சுரண்டினால் போய்விடும். ஆனால் புற்றுக்கட்டியிலும் இரத்தம் கசியும், ஆகவே சுரண்டிய இடத்தை மறுபடி பார்க்காமல் அனுப்பக்கூடாது. டேர்மோஸ்கோப் கண்ணாடிக்கும் தோலுக்கும் இடையில் பூசும் ஸ்பிரிட் நகத்தில் வழிந்தோடும், அங்கே ஸ்கேன் ஜெல் போடுங்கள். கண்ணாடியை அழுத்த வேண்டாம், அழுத்தினால் இரத்தக் குழாய்கள் வெளுத்து மறையும்.

கொன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் 830 நானோமீற்றர் லேசரால் கலங்களையே காட்டும். முகத்தில் பரவும் தட்டையான கறைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது எட்டும் ஆழம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர், உள்ளங்காலின் தடித்த மேல்தோலிலேயே நின்றுவிடும். ஓசிடி என்ற, ஒளியால் தோலின் குறுக்குவெட்டைக் காட்டும் ஸ்கேன் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை இறங்கினாலும் கலங்களைப் பிரித்துக் காட்டாது. பேசல் செல் புற்று என்ற இன்னொரு தோல் புற்றின் ஆழத்தையும் எல்லையையும் அளக்க நல்லது, மெலனோமாவுக்கு நம்ப வேண்டாம்.

போன் செயலிகளோ பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்களில் பழகியவை. 'பயமில்லை' என்று அது சொன்னாலும் கணக்கில் எடுக்காதீர்கள். அடிமட்டம் வைத்து, ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிட போன் போதும்.

சந்தேகம் வந்தால் பயொப்சிதான் (ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு. தேசிய வைத்தியசாலையிலோ மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ காட்டலாம். நகத்தில் ஓடும் கறுப்புக் கோட்டுக்கு, நகத்தை மட்டும் வெட்டி அனுப்பிப் பயனில்லை. நகம் முளைக்கும் வேரிலிருந்து எடுக்க வேண்டும். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. சீனி வருத்தக்காரரின் காற்புண் என்று மாதக்கணக்கில் மருந்து கட்டியும் ஆறாவிட்டால், டேர்மோஸ்கோப் என்ன காட்டினாலும் ஒரு துண்டு எடுத்து அனுப்புங்கள்.