கொசுத்தேனீயா, இந்தியத் தேனீயா? வீட்டுக்கொல்லைக்கு எது தோது

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம், நாலு தென்னை, ஒரு மா, பந்தலில் பாகலோ புடலையோ. இவ்வளவுதான் இருக்கிறது, தேனீ வளர்க்கலாமா என்று குமரி மாவட்டத்தில் கேட்டால், மார்த்தாண்டம் போய்ப் பெட்டி வாங்கு என்று உடனே சொல்லிவிடுவார்கள். எந்தத் தேனீ என்பதுதான் கேள்வி. அடுக்குப் பெட்டியில் சட்டம் வைத்து வளர்க்கும் இந்தியத் தேனீ ஒன்று. சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் தானாகவே கூடு கட்டும் கொசுத்தேனீ இன்னொன்று. இத்தாலியத் தேனீயை நான் இதில் சேர்க்கவில்லை. பூ இருக்கும் இடத்துக்கெல்லாம் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏற்றது அது.

இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். இப்போது என் கொல்லையில் இருப்பது கொசுத்தேனீ மட்டும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தேன் அளவில் இந்தியத் தேனீதான் மேலே. ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனி மாதங்களில் நல்ல பெட்டி பல கிலோ தரும். கொசுத்தேனீப் பெட்டியில் வருஷத்துக்கு அரைக் கிலோ கிடைத்தாலே சந்தோஷம், ஒரு கிலோ என்றால் அபூர்வம். விலை தலைகீழ். கொசுத்தேன் சாதாரணத் தேனைப்போலப் பல மடங்கு விலை போகும். கொட்டுமா? இந்தியத் தேனீ கொட்டும். கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. பெட்டியைத் திறந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது பெரிய நிம்மதி.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது தேனும் இல்லை, கொட்டும் இல்லை. பெட்டியில் தேனீ நிற்குமா என்பதுதான்.

இந்தியத் தேனீ நிற்காது. எறும்பு ஏறினால் போகும். அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்தால் போகும். ஆடி மழையில் பூ இல்லாமல் பசித்தால் போகும். காலையில் பார்த்தால் காலி அடை மட்டும் இருக்கும். அதைத் தடுக்கத்தான் பெட்டிக் காலை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைக் கரைசல் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிறோம். பூக்காலம் வந்தால் வேறு கவலை. புது ராணிக்கு அறை கட்டத் தொடங்கிவிட்டால், பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த அறைகளைத் தேடிக் கிள்ளவேண்டும், இல்லையென்றால் நாமே கூட்டத்தைப் பிரிக்கவேண்டும். இதற்கு மேல் நோய். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயின் புழுக்களைத் தாக்கி, பெட்டிகளைக் கொத்துக் கொத்தாக அழித்தது. அந்தக் காலத்தில் தொழிலையே விட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

கொசுத்தேனீ அப்படி ஓடாது, ஓடவும் முடியாது. முட்டையிடத் தொடங்கிய ராணிக்கு வயிறு உப்பிவிடும், பறக்க வராது. அதனால் கூட்டம் பிரியும்போதும் கிளம்புவது புது ராணிதான், பழையது வீட்டிலேயே இருக்கும். அதுவும் திடீரென்று நடக்காது. வேலைக்கார ஈக்கள் முதலில் புது இடத்தைப் பார்த்து, தாய்க்கூட்டிலிருந்து பிசின் கலந்த மெழுகையும் தேனையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துபோய் வீட்டைத் தயார் செய்யும். அப்புறம்தான் ராணி போகும்.

புழு வளர்க்கும் முறையும் வேறு. இந்தியத் தேனீ திறந்த அறையில் கிடக்கும் புழுவுக்குத் தினமும் இரை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கொசுத்தேனீ அறை கட்டியதுமே முழு வளர்ச்சிக்கும் வேண்டிய உணவை உள்ளே நிரப்பிவிடும். அதன்மேல் ராணி ஒரு முட்டை வைக்கும், உடனே வேலைக்கார ஈக்கள் அறையின் வாயை மூடிவிடும். புழு வளர்ந்து ஈயாகும்வரை மறுபடி திறப்பதில்லை. ஆகவே நாலு நாள் மழை அடித்தாலும் உள்ளே இருக்கும் புழு பட்டினி கிடக்காது. நான் சர்க்கரைக் கரைசல் வைப்பதே இல்லை. கொசுத்தேனீ தேனைச் சேர்த்துவைப்பது சின்னச் சின்ன மெழுகுக் கலயங்களில். தேன் எடுக்கும்போது பாதிக் கலயங்களை விட்டுவைக்கிறேன், அதுவே மழைக்காலத்துக்குப் போதும்.

வாசலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பிசினால் செய்த ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பு தொட்டால் ஒட்டும், எறும்பு கால் வைத்தால் சிக்கிக்கொள்ளும். உள்வட்டத்தில் காவல் ஈக்களின் தலை வரிசையாகத் தெரியும். இருந்தாலும் நான் பெட்டிக் காலில் கிரீஸ் தடவத்தான் செய்கிறேன். பெட்டி திறந்த சமயத்தில் எறும்பு வந்தால் இந்தக் காவல் போதாது. உச்சி வெயில் படும் இடமும் கூடாது. உள்ளே இருக்கும் மெழுகுக் கலயம் இளகித் தேன் ஒழுகிவிடும்.

கொசுத்தேனீயில் சிரமமே இல்லை என்று சொல்லமாட்டேன். தேன் எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. சட்டத்தை இயந்திரத்தில் போட்டுச் சுற்றுகிற வழி கிடையாது. தேன் கலயம், மகரந்தக் கலயம், புழு அறை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தேன் கலயங்களை மட்டும் பார்த்துக் குத்தி, சாய்த்து வைத்து வடியவிடவேண்டும். மகரந்தம் கலந்தால் தேன் சீக்கிரம் புளிக்கும். இந்தத் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம், நான் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கிறேன்.

தோட்டத்துக்கு வரும் பலனிலும் கொசுத்தேனீ பக்கம்தான் நான் சாய்வேன். சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும் என்பதால் நம் பந்தலை விட்டு ரொம்பத் தூரம் போகாது. ஆனால் தேன் விற்று வருமானம் பார்க்க நினைப்பவர், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருப்பவர், வாரம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர் இந்தியத் தேனீயையே எடுக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர் ஊர்களுக்கும் அதுதான். என் அனுபவம் வெப்பமும் மழையும் உள்ள இந்தப் பகுதியின் வீட்டுக்கொல்லை அளவுதான். பூவே குறைவான வறண்ட மாவட்டங்களில் எப்படி வரும் என்பதை அங்கே வளர்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசுத்தேனீப் பெட்டி வாங்குவதானால் காலை வெயில் ஏறியதும் போய் வாசலைக் கவனியுங்கள். காலில் மகரந்தத்தோடு ஈக்கள் விடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் உள்ளே ராணி முட்டையிடுகிறது என்று நம்பலாம். பிரித்த புதுக் கூடு என்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புழு அறைக் கொத்தின் ஓரத்தில் மற்றதைவிடப் பெரிதாக ஓர் அறையாவது இருக்கவேண்டும், அதுதான் ராணி அறை. அதுவும் இல்லாமல், ராணியும் கண்ணில் படாமல் இருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.