குறுக்கெண் புதிர்ப் புத்தகம்: மூன்று மழைக்காலம் கடந்த பிறகு

கோத்தகிரிப் பக்கம் ஒரு பச்சைத் தேயிலை எடைக்களத்தில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை எடை, சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, மிச்சம் எவ்வளவு என்று பகல் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. இலை லாரிக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இந்த ஆள் எண்களையே கட்டத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறானே என்று வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

புத்தகம் கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்தது. மொத்தம் 90 புதிர்கள். மூன்று ஆண்டுகளில் 71 முடித்திருக்கிறேன். வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்தைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். எழுத்துக்குப் பதில் ஓர் இலக்கம். எந்த விடையும் பூஜ்யத்தில் தொடங்காது. ‘ஒரு பகா எண்’ என்று தனித்து நிற்கும் குறிப்புகள் குறைவு. ‘7 மேலிருந்து கீழின் இருமடங்கு’ என்று அடுத்தவன் தோளில் கைபோட்டு நிற்பவையே அதிகம்.

முதல் இரண்டு மாதம் இந்தத் தோள்களில்தான் தடுக்கி விழுந்தேன். நேராக விடை தரும் குறிப்பு ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன், இல்லை. எரிச்சலில் புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. நான்கு மாதம் கழித்து எடுத்தபோது விடையைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் எத்தனை எண்கள் பொருந்தும் என்று எண்ணத் தொடங்கினேன். மூன்று இலக்க வர்க்கங்கள் 22. மூன்று இலக்கக் கன எண்கள் ஐந்தே ஐந்து: 125, 216, 343, 512, 729. ஆகவே ‘கனம்’ என்ற சொல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாசல். வர்க்கம் எதுவும் 2, 3, 7, 8-இல் முடியாது என்பதும் நிறையக் கட்டங்களைக் காப்பாற்றியது. இந்தப் பட்டியல் இப்போது என் எடைப் பதிவேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது.

34-ஆம் புதிரை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1 இடமிருந்து வலம், நான்கு இலக்கம்: ‘3 மேலிருந்து கீழின் கனம்’. 3 மேலிருந்து கீழ், இரண்டு இலக்கம்: ‘1 இடமிருந்து வலத்தின் இலக்கங்களைக் கூட்டினால் வருவது’. லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ராமன் சோமனைக் கேள் என்கிறான், சோமன் ராமனைக் கேள் என்கிறான். பணம் யாரிடம் இருக்கிறது அண்ணா?” எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

கைகொடுத்தது தொழில்தான். கூட்டலில் வித்தியாசம் வந்து, அந்த வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், 63-ஐ 36 என்று எங்கோ மாற்றி எழுதியிருக்கிறோமா என்று கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள். அதற்கு வேர், ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே என்பது. அப்படியானால் இங்கே ஓர் எண்ணும் அதன் கனமும் ஒரே மீதியைத் தந்தாக வேண்டும். கனம் நான்கு இலக்கமாக இருக்க அந்த எண் 10-க்கும் 21-க்கும் இடையில் வர வேண்டும். அதில் மீதி ஒத்துப்போவது 10, 17, 18, 19 மட்டுமே. கனங்கள் 1000, 4913, 5832, 6859. கூட்டினால் 1, 17, 18, 28. ஆக 17-உம் 18-உம் மிஞ்சின. 3 மேலிருந்து கீழ் தொடங்குவது முதல் வரிசையின் மூன்றாம் கட்டத்தில். 5832-இல் அந்த இடத்தில் 3 நிற்கிறது, 18-ஓ 1-இல் தொடங்குகிறது. 4913-இல் 1. வேறு ஒரு குறிப்பையும் தொடாமல் ஐந்து கட்டங்கள் நிரம்பின. மறுநாள் ஓட்டுநரிடம் “பணம் இரண்டு பேரிடமும் இருந்தது தம்பி” என்றேன். என் கையெழுத்தைப் பார்த்தாரே தவிர, நம்பிய மாதிரி தெரியவில்லை.

இனி குறைகள். 52-ஆம் புதிரில் ஒரு குறிப்பு: ‘வர்க்கம், திருப்பி வாசித்தாலும் வர்க்கம்’. மூன்று இலக்கத்தில் அப்படி ஏழு உண்டு. நடுக்கட்டம் மட்டுமே இன்னொரு விடையோடு வெட்டிக்கொள்கிறது, அங்கே 4. அப்படியென்றால் 144-உம் சரி, 441-உம் சரி. பின்பக்க விடையில் 144 மட்டும் இருக்கிறது. என் 441 எங்கே தவறியது என்று பதினொரு நாள் அழித்து அழித்து எழுதினேன். இரண்டு விடை வரும் புதிரை அச்சிட்டவரிடம் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

தாளும் மலைக்கு ஏற்றதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கங்கள் நமத்துப்போன அப்பளம் போல் ஆகிவிடுகின்றன. ரப்பரால் இரண்டாம் முறை தேய்த்தால் ஓட்டை. இரண்டாம் மழைக்காலம் முதல் தடித்த தாளில் ஜெராக்ஸ் எடுத்து, சந்தேகமான இலக்கங்களைக் கட்டத்தின் மூலையில் பொடியாக எழுதுகிறேன். நடுவில் செல்போன் செயலி ஒன்றையும் ஒரு வாரம் முயன்றேன். தவறான இலக்கம் போட்டவுடன் கட்டம் சிவக்கிறது. பிறகென்ன, பூஜ்யம் முதல் ஒன்பது வரை வரிசையாகத் தட்டினால் தீர்ந்தது. நீக்கிவிட்டேன்.

கால்குலேட்டரைத் தொடாமல் இருக்க முடிந்தவர்கள், ஒரே பக்கத்தோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பஸ்ஸில் போகும்போது பொழுதுபோக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. கொண்டை ஊசி வளைவில் பென்சில் நிற்பதே இல்லை.

இப்போது 72-ஆம் புதிரில் இருக்கிறேன். 9 இடமிருந்து வலத்துக்கு மூன்று எண்கள் மிஞ்சியிருக்கின்றன. லாரி கட்டபெட்டு தாண்டிவிட்டது என்று போன் வந்துவிட்டது.