ஷோரூம் சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

காருக்கு வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், யோசிக்கவே வேண்டாம். சாஃப்ட்வேர் அப்டேட், சர்வீஸ் ஹிஸ்டரி எல்லாம் அங்கேதான். ஆனால் நம்மிடம் பேசுபவர் அட்வைசர். வண்டியில் கை வைப்பவர் வேறு ஆள். 10,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டால் ஏசி கிளீனிங், இன்ஜினுக்குப் பளபளப்பு பூசும் இன்ஜின் டிரெஸ்ஸிங் என்று ஜாப் கார்டு, அதாவது செய்யப்போகும் வேலைகளின் பட்டியல், நீளும். மேனுவலில் இல்லாததை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தெரிந்த மெக்கானிக் என்றால் பக்கத்திலேயே நிற்கலாம். பழைய ஆயிலை வடிக்க டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போதே "வாஷர் போயிருச்சுண்ணே, மாத்திரலாம்" என்பார். கூலியும் குறைவு. ஆயில் டப்பாவின் சீல் நம் கண்முன் உடையணும். கிரேடும் மேனுவல்படி இருக்கணும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் மட்டும் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் இல்லாத பட்டறைப் பக்கம் போகாதீர்கள். வாரண்டி முடிந்த என் வண்டிக்கு இவர்தான்.