பல் முளைக்கும் எட்டு நாள்: ஈரத்துணியா, வசம்பா, ஜெல்லா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏழு மாதக் குழந்தை ஒன்று ஜொள்ளு விட்டுக்கொண்டு முஷ்டியைக் கடித்தால் போதும், மாடிப்படி இறங்கி வருகிற ஆயா முதல் பால் பாக்கெட் போடுகிறவர் வரை ஆளுக்கொரு மருந்து வைத்திருப்பார்கள். "இன்னாம்மா, கொயந்தைக்குப் பல்லு வருதா? வசம்பு சுட்டு நாக்குல தடவுனியா?" என்பார் ஒருவர். "அதெல்லாம் வேணாங்க்கா, கேரட்ட ஃபிரிட்ஜ்ல வெச்சிக் குடு" என்பார் இன்னொருவர். மெடிக்கலில் கேட்டால் ஒரு ஜெல் டியூப் எடுத்து வைப்பார்கள். "எங்க புள்ளைக்கு இதான் கேட்டுச்சு" என்று எல்லோருமே அடித்துச் சொல்வார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பல் வெளிவரும்போது வரும் சிணுங்கல் பெரும்பாலும் எட்டு நாள் சமாச்சாரம்: தலைகாட்டுவதற்கு முன் நான்கு நாள், தலைகாட்டும் நாள், அதற்குப் பின் மூன்று நாள். முதல் நாளே மருந்து தேடுகிற வீடு கிடையாது. இரண்டு ராத்திரி தூக்கம் போன பிறகு, நான்காம் நாளோ ஐந்தாம் நாளோதான் தேடுவார்கள். அன்றைக்கு எதைத் தடவினாலும் அடுத்த சில நாளில் அழுகை தானாக அடங்கிவிடும். பேர் மருந்துக்குப் போய்விடும். அதனால் 'எது கேட்டது' என்று ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தப் பத்து நிமிஷ ஆறுதல் கிடைக்கிறதா, கை தவறினால் என்ன ஆகும், நம் வீட்டுத் தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஒத்துவருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

வீங்கிய ஈறுக்கு இரண்டு விஷயம் இதமாக இருக்கும். உள்ளிருந்து தள்ளுகிற பல்லுக்கு எதிராக மேலிருந்து ஓர் அழுத்தம், கூடவே கொஞ்சம் குளிர்ச்சி. குழந்தை கண்டதையும் கடிப்பது அந்த அழுத்தத்துக்காகத்தான்.

துணியும் விரலும்

எங்கள் கணக்கில் முதலிடம் பழைய வேட்டித் துணிக்கு. பல தடவை துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தியில் ஒரு சாண் அகல, ஒன்றரைச் சாண் நீளத் துண்டுகளாக ஐந்தாறு கிழித்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு அலசி, பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காய வையுங்கள். வேண்டும்போது ஒரு துண்டைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருபது நிமிஷம் வைத்தால் போதும். மூடி கட்டாயம். அதே ஃபிரிட்ஜில்தான் காசிமேட்டு மீனும் இருக்கும். முடிச்சைக் குழந்தை கடிக்கட்டும், மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். புதுத் துண்டும் டர்க்கி டவலும் நூல் விடும், அந்த நூல் தொண்டைக்குப் போகும். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃபிரீசரில் வைத்தால் துணி கட்டையாகிவிடும், ஈர உதட்டில் ஒட்டித் தோலைப் புண்ணாக்கும். கடித்த துணியையே மறுபடி மறுபடி கொடுத்தால் முடிச்சுக்குள் பால் புளித்துக் கிருமி சேரும். ஒரு தடவைக்கு ஒரு துண்டு, பிறகு துவைக்கப் போட்டுவிட வேண்டும்.

கரண்டு போன ராத்திரிக்கும் வழி உண்டு. கொதித்து ஆறிய தண்ணீரை மண்பானையில் வைத்திருந்தால் அதில் நனைத்த துணியே போதுமான குளிர்ச்சி தரும். ஐஸ்தான் வேண்டும் என்று மீன் பெட்டிக்கு வாங்கிய பார் ஐஸையோ ஜூஸ் கடை ஐஸையோ உடைத்துத் துணியில் சுற்றிக் கொடுக்காதீர்கள். பார் ஐஸ் மீனுக்காகப் போடுவது, வாய்க்கு அல்ல.

விரலுக்குச் செலவே இல்லை. நள்ளிரவில் துணியைவிட விரைவும் கூட. குழந்தையின் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி மடியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியால் வெள்ளையாகப் புடைத்த இடத்தைச் சின்ன வட்டமாக ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்தித் தேயுங்கள். பால் கொடுப்பதற்கு முன் இதைச் செய்தால் மார்பில் கடி விழுவது குறையும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும். எல்லோரும் மறப்பது மிளகாயைத்தான். மீன் குழம்புக்கு மசாலா பிசைந்த கையைச் சோப்பால் மட்டும் கழுவினால் காரம் முழுசாகப் போகாது, அது எண்ணெயில் கரையும் சரக்கு. முதலில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். இல்லையென்றால் பல் வலிக்கு அழுத பிள்ளை மிளகாய்க்கு அழும்.

கடி வளையம்

எம்.சி. ரோடு குழந்தைக் கடைகளில் தொங்கும் வளையங்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். ஒரே வார்ப்பாக வந்த சிலிக்கான் வளையம் துணிக்கு அடுத்தபடி நல்லது. ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்கலாம், காயவும் நேரமாகாது. உள்ளே தண்ணீரோ ஜெல்லோ அடைத்த வளையம் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரும், ஆனால் இரண்டு பல் வந்ததும் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது வாய்க்குள் கசியும். மூன்றாவது, நடைபாதையில் கிடைக்கும் வாசனை அடிக்கிற பிளாஸ்டிக். தொட்டால் பிசுக்கென்று ஒட்டும், கொதிநீரில் போட்டால் வடிவம் மாறும். அதை வாங்கவே வேண்டாம். எந்த வளையமானாலும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடாதீர்கள். தூக்கத்தில் கழுத்தை இறுக்கும்.

கேரட், பொறை, வலைப்பை

கேரட் பல் வராத வாய்க்குக் கொஞ்சம் பாதுகாப்பு, பல் வந்த வாய்க்கு ஆபத்து. கீழ்முன்பல் இரண்டும் எட்டிப் பார்த்ததுமே குழந்தையால் கேரட்டைச் சுரண்டிச் சில்லாக எடுக்க முடியும், ஆனால் அந்தச் சில்லை அரைக்கக் கடைவாய்ப்பல் கிடையாது. மூச்சுக் குழாயில் போய் உட்காருவது இந்தச் சில்தான். வெள்ளரிக்கும் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு கொடுக்கிற வீடும் உண்டு. வெந்த எலும்பு சிராய் சிராயாக உடையும். நுங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: சித்திரை, வைகாசியில் தெருவெல்லாம் நுங்கு வண்டி நிற்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும், ஆனால் முழு நுங்குச் சுளை வழுக்கிக்கொண்டு நேரே தொண்டைக்குப் போகிற உருவம்.

டீக்கடைப் பொறையை, அதாவது அந்தக் காய்ந்த ரொட்டியை, பாதியாக உடைத்துக் கையில் கொடுப்பது இந்தப் பக்கம் பழைய வழக்கம். முதல் நிமிஷம் கடிக்கக் கெட்டியாக இருக்கும். எச்சில் ஊறியதும் மாவுக் களியாகி அண்ணத்தில் ஒட்டும், ஓரம் உடைந்து கட்டியாக உள்ளே போகும். மைதாவும் சர்க்கரையும் புதுப் பல்லின் மேல் படிந்து நிற்கும் என்பது கூடுதல் நஷ்டம்.

இவற்றையெல்லாம்விட, ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு வலைப்பை நல்லது. பழத்தை உள்ளே வைத்து, கைப்பிடியோடு சப்பக் கொடுக்கிற சின்னப் பை அது. குளிர்ந்த பப்பாளியோ வாழையோ இரண்டு ஸ்பூன் போதும், நுங்கையும் மசித்து இதில் வைக்கலாம். ஒரே தொல்லை கழுவுவது. வலையை உடனே உள்வெளியாகத் திருப்பி ஓடும் தண்ணீரில் தேய்க்காவிட்டால் நார் காய்ந்து பிடிக்கும், இரண்டே நாளில் கரும்புள்ளி பூக்கும். கரும்புள்ளி கண்ட வலையைத் தூக்கிப் போடுங்கள். குடத்தில் தண்ணீர் பிடித்துப் புழங்குகிற வீட்டுக்குத் துணிதான் லாபம்.

வசம்பு, உரைமருந்து, தேன், கிராம்பு

இங்கேதான் வீட்டுச் சண்டை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர், பொழுது சாய்ந்த பின் பெயரைச் சொல்லாமல் 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கி, விளக்கில் சுட்டு, தாய்ப்பால் விட்டு உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவது வழக்கம். அந்த மரியாதையைக் குறைக்கவில்லை. ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968-இல் தடை போட்டதற்கு அதுதான் காரணம். நம் நாட்டு வசம்பில் அது அதிகம். உரைகல்லில் எத்தனை சுற்று இழைத்தால் எத்தனை மில்லிகிராம் என்று எந்த ஆயாவாலும் சொல்ல முடியாது. ஈறு வலிக்கு அது எந்த வகையிலும் மருந்தும் இல்லை. வசம்பு வளையலைக் கையில் கட்டிவிட்டால் பல் வருகிற குழந்தை அதையேதான் நாளெல்லாம் கடிக்கும். வாந்தி ஒரு பக்கம், அறுந்த மணி தொண்டையில் சிக்குவது இன்னொரு பக்கம்.

உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் அப்படித்தான். தடவியதும் குழந்தை தூங்கினால், வலி போய்விட்டது என்று பொருள் இல்லை. ஜாதிக்காயின் மயக்கமாகவும் இருக்கலாம்.

தேனுக்கு ஒரு வயது முடியும் வரை இடமே இல்லை, உரைமருந்தைக் குழைக்கிற ஒரு சொட்டுக்குக்கூட. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சு உண்டாக்கும், வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அவை சாகாது. மலச்சிக்கல், ஈனமான அழுகை, தொங்கும் இமை, துவளும் கழுத்து என்று தொடங்கும். கிராம்பு எண்ணெய் பெரியவர்களின் சொத்தைப் பல்லுக்கு உள்ளது. அதிலுள்ள யூஜினால் குழந்தையின் ஈறை எரிக்கும், விழுங்கினால் கல்லீரலைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய்க்கு வேறு வேலை: ஜொள்ளு வடிந்து சிவந்த தாடையை ஒற்றித் துடைத்து, மெல்லிசாகப் பூசுங்கள்.

ஜெல்லா, சொட்டு மருந்தா?

மரத்துப்போகச் செய்யும் ஜெல் ஈறில் நிற்பதே சில நிமிஷம்தான், ஜொள்ளு அடித்துக்கொண்டு போய்விடும். போனது தொண்டைக்கு. தொண்டை மரத்துப்போனால் பால் புரையேறும். பென்சோகெய்ன் கலந்தவற்றை இரண்டு வயதுக்குள் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து உதடு நீலமாகும் நிலை அதனால் வரும். பல் வலிக்கு லிக்னோகெய்ன் தடவுவதற்கு 2014-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. கோலின் சாலிசிலேட் ஜெல்லைப் பதினாறு வயதுக்குள் வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இல் சொன்னது. இங்கே பல ஜெல்லில் பின்னிரண்டும் சேர்ந்தே இருக்கும், டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

துணியும் விரலும் ஒன்றும் செய்யவில்லை, ராத்திரி முழுக்க அழுகை என்றால் டாக்டரிடம் கேட்டு ஒரு வேளை பாராசிட்டமால் கொடுப்பது ஜெல்லைவிடப் பாதுகாப்பு. அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. எட்டுக் கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மி.கி. எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் போட்டுப் பார்க்கலாம். பெரிய விபத்து நடப்பது பாட்டிலில். 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் அந்தக் குழந்தைக்கு 0.8 முதல் 1.2 மி.லி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.3 முதல் 5 மி.லி. சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பும் கடையில் உண்டு. அதனால் லேபிளைப் பாராமல் மூடி திறக்காதீர்கள். இரண்டு வேளைக்கு இடையில் நான்கு முதல் ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தொடர்ந்து இரண்டாம் நாளும் தேவைப்பட்டால் அது பல் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும்.

ஏனென்றால் பல் முளைப்பதால் 100.4 டிகிரி காய்ச்சல் வராது, தண்ணீராகப் பேதியும் போகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குறைவதும், தரையில் தவழ்ந்து கண்டதை வாயில் வைப்பதும் இதே ஆறாம், ஏழாம் மாதத்தில்தான். பழி பல்லின் மேல் விழுகிறது. 'பல் பேதி' என்று விட்டுவைத்த குழந்தை நீர்வற்றி, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் துவண்ட பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஓடுவதைத் தவிர்க்க, முதல் பேதியிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள். ஒரு பக்கக் காதை மட்டும் பிடித்து இழுத்துக் காய்ச்சலும் இருந்தால் காதைக் காட்டுங்கள்.

கடைவாய்ப்பல் வரும்போது

இத்தனையும் முன்பல்லுக்கான வரிசை. பதின்மூன்றாம் மாதத்துக்கு மேல் கடைவாய்ப்பல் வரத் தொடங்கும்போது வரிசை மாறும். முடிச்சுத் துணி பின்ஈறு வரை எட்டாது. விரலை உள்ளே விட்டால் எட்டு முன்பல்லும் சேர்ந்து கவ்வும், பிறகு உங்கள் விரலுக்குத்தான் மருந்து தேட வேண்டியிருக்கும். அப்போது நீளக் கைப்பிடியுள்ள ஒற்றை வார்ப்புச் சிலிக்கான் கடிப்பான் முதலிடத்துக்கு வரும். துணியை முடிச்சாகப் போடாமல் விரல் தடிமனுக்கு நீளமாகச் சுருட்டிக் கொடுத்தால், குழந்தையே அதைத் தள்ளித் தள்ளிக் கடைவாய்க்குக் கொண்டுபோய்க்கொள்ளும். மறுமுனை அப்போதும் உங்கள் கையில்தான்.