52 நிமிடத்தில் முடிந்த டிஎல்சி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்த கேம் நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும். அது நல்ல கேம்தான். 60 மணி நேரம் ரசித்து ஆடியிருக்கிறேன். அதனால்தான் ஏமாந்தேன்.

அதில் ஓர் ஓடக்காரர் வருவார். ஆற்றைக் கடக்க வேண்டுமானால் அவர் படகில்தான் ஏற வேண்டும். ஒரு வார்த்தை பேசமாட்டார். துணியால் மூடிய லாந்தர் ஒன்றை மடியில் வைத்திருப்பார். அது ஏன் என்று கடைசிவரை தெரியாது. கேமை முடித்துப் பல மாதங்கள் ஆன பிறகு, அவருடைய கதை டிஎல்சியாக, அதாவது கேமோடு சேர்த்து ஆடத் தனியாக விற்கும் கூடுதல் பகுதியாக, வருகிறது என்று அறிவித்தார்கள். அட்டைப்படத்தில் மூன்று தீவுகள். கீழே, 'புதிய நிலம், புதிய எதிரிகள், மறைக்கப்பட்ட உண்மை'. விலை, கேமின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வெளியான இரவே வாங்கினேன். 9 ஜிபி இறங்கும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியது, திறந்தேன், எதுவும் இல்லை. ஓடக்காரர் பழையபடி வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். தேடிப் பார்த்ததில்தான் தெரிந்தது: ஆறாவது அத்தியாயத்தைத் தாண்டிய சேவ் கோப்பு, அதாவது ஆடியவரைக்கும் பதிந்து வைத்த கோப்பு, இருந்தால்தான் புதிய கதை தொடங்குமாம். கடைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் பழைய சேவ் கோப்பை இடம் போதாமல் எப்போதோ அழித்துவிட்டேன். சரி, என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து ஆடினேன். வசனங்களை எல்லாம் தாண்டி, பக்கக் கதைகளைத் தொடாமல் ஓடியும் எட்டு மணி நேரம் ஆனது.

ஒருவழியாக ஓடக்காரர் பேசினார். லாந்தரின் துணியை விலக்கினார். படகு தீவை நோக்கிப் போனது. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் அருமை.

தீவில் இறங்கிப் பத்தடி நடந்ததும் எங்கோ பார்த்த இடம் மாதிரி இருந்தது. ஒரு குடிசை, அதன் கதவோரம் சாய்த்து வைத்த ஏணி, ஏணியில் கீழிருந்து மூன்றாவது படி உடைந்திருக்கிறது. மூல கேமின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் மீனவர் ஊர் அது. பகலை இரவாக்கி, மூடுபனியைப் போட்டு, தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிய எதிரிகள்? பழைய ஓநாய்க்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். அது உறுமும் சத்தம்கூட மாறவில்லை. மூன்று சண்டை, ஒரு பாதாள அறை, ஓடக்காரரின் மனைவி எழுதிய ஒரு கடிதம். அவ்வளவுதான், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. அட்டைப்படத்தின் மற்ற இரண்டு தீவுகளும் தூரத்தில் தெரிகின்றன. போக முடியாது. அவை வெறும் பின்னணிப் படம்.

இதை நான் ஆத்திரத்தில் ஊதிப் பெரிதாக்குவதாக நினைக்கலாம். சேவ் கோப்பில் நேரம் பதிவாகிறது: படகில் ஏறும்போது 8:14, முடிந்தபோது 9:06. 52 நிமிடம். அதில் ஒரே நீல ஓநாயிடம் இரண்டு முறை செத்ததும் அடக்கம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் வாங்கிய கடையில், பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது. கோப்பு பழுதாக இருந்தால் மட்டும் பார்ப்பார்கள். கேம் நிறுவனத்துக்கும் எழுதினேன். பக்கத்தில் விவரித்த உள்ளடக்கம் முழுமையாக வழங்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. யோசித்தால் அது பொய்யில்லை. எத்தனை மணி நேரம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவேயில்லையே.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேனா என்றும் பார்த்தேன். அங்கே டிஎல்சியைத் திருப்பித் தர 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் டிஎல்சி வாங்கிய பிறகு மூல கேமை ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். கவனியுங்கள், டிஎல்சியை ஆடிய நேரம் இல்லை, மூல கேமை ஆடிய நேரம். என்னைப் போல எட்டு மணி நேரம் ஓடித்தான் அதன் வாசலுக்கே போக வேண்டும் என்றால், உள்ளே காலை வைக்கும் முன்பே அவகாசம் போய்விடும். அதனால் முதலில் சேவ் கோப்பைத் தயார் செய்துகொள்ளுங்கள், அப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.

சின்ன டிஎல்சியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்: லெஃப்ட் பிஹைண்ட்' இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எல்லி, ரைலி என்ற இரண்டு சிறுமிகள் பூட்டிக் கிடக்கும் வணிக வளாகத்தில் சுற்றுவது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. 'பயோஷாக் 2'க்கு 2010இல் வந்த 'மினர்வாஸ் டென்' கூடச் சின்னதுதான். அதற்கென்று தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம் 2016இல் வந்த 'பிளட் அண்ட் வைன்'. 'விட்சர் 3'க்கான அந்த டிஎல்சி சுமார் 20 மணி நேரம் ஓடும் என்று தயாரித்தவர்களே முன்கூட்டிச் சொன்னார்கள், ஒரு புது நாட்டையே கொடுத்தார்கள். ஆக, அளவு எனக்குப் பிரச்சினை இல்லை. 52 நிமிடம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால், தள்ளுபடி வரட்டும் என்று பொறுத்திருப்பேன்.

2006இல் 'ஆப்ளிவியன்' கேமில் குதிரைக்குக் கவசம் என்று 2.50 டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. அதில் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கவசம் என்றார்கள், கவசம் கிடைத்தது.

இந்தப் பாடத்துக்குப் பிறகு வாங்கும் முன் சிலவற்றைப் பார்க்கிறேன். கேமில் ஒன்றைச் செய்து முடித்தால் கிடைக்கும் விருதை டிராஃபி என்றோ அச்சீவ்மென்ட் என்றோ சொல்வார்கள். டிஎல்சிக்கு அதில் தனிப் பட்டியல் இருக்கும். என்னுடையதில் நான்கே நான்கு இருந்தன. அதில் ஒன்று 'படகில் ஏறியதற்கு'. அன்றைக்கே அதைப் பார்த்திருந்தால் விழித்திருப்பேன். யூடியூபில் யாராவது முழுவதும் ஆடிப் பதிவேற்றியிருப்பார்கள். திறந்து கதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வீடியோவின் நீளத்தை மட்டும் பாருங்கள். 'ஹவ் லாங் டு பீட்' தளத்திலும் பல டிஎல்சிகளை முடிக்க ஆகும் நேரம் தனியாகக் கிடைக்கும். கோப்பின் அளவை நம்பாதீர்கள். எனக்கு இறங்கிய 9 ஜிபியில் பெரும்பகுதி மூல கேமுக்கான அப்டேட்டாம். சில கேம்களில் உள்ளடக்கம் அப்டேட்டோடு எல்லோருக்குமே வந்துவிடும். நாம் காசு கொடுத்து வாங்குவது அதைத் திறக்கும் சாவியை மட்டும்தான்.

டிஸ்க்கில் கேம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டிஸ்க் ஒரு நாட்டுப் பதிப்பாகவும் உங்கள் கணக்கு வேறொரு நாட்டுக் கடையிலும் இருந்தால் டிஎல்சி அதில் வேலை செய்யாமல் போகலாம். நண்பர் ஒருவர் இப்படி வாங்கிவிட்டு, பயன்படாத கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்.

வரப்போகும் டிஎல்சிகளை மொத்தமாக முன்கூட்டியே விற்கும் சீசன் பாஸ் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இன்னும் தயாராகாத பொருளுக்கு இன்றே பணம் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். இந்த கேமின் பாஸ் வாங்கியவர்களுக்கு ஓடக்காரரோடு இரண்டு தொப்பிகளும் கிடைத்தன.

நான்கு மாதம் கழித்து எல்லாம் சேர்ந்த 'முழுப் பதிப்பு' வந்தது. ஓடக்காரரும் உள்ளே இருக்கிறார். தள்ளுபடியில் அதன் விலை, நான் டிஎல்சிக்கு மட்டும் கொடுத்ததைவிடக் குறைவு. இப்போது அவருடைய மகளின் கதை அடுத்த டிஎல்சியாக வருகிறதாம். அட்டைப்படத்தில் ஐந்து தீவுகள். டிராஃபி பட்டியல் வெளியாகிவிட்டது, எண்ணிப் பார்த்தேன்: மூன்று.