கிளீட் பெடலும் ஷூவும் வாங்கப் போகிறவர்களுக்கு: வேலூரில் நான் ஏமாந்த விவரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு அருகே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவரைப் பார்த்தேன். அவருடைய ஷூவின் அடியில் சிவப்பு நிறக் கிளீட், அதாவது ஷூவைப் பெடலில் பூட்டும் கட்டை, இருந்தது. எங்கே வாங்கினார் என்று விசாரித்தபோது, நான் வாங்கிய அதே கடையைச் சொன்னார். பணம் போனது நம்மோடு போகட்டும் என்று நான் மூன்று மாதம் மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் உறைத்தது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எனக்குச் சொல்லப்பட்டவற்றை மட்டும் எழுதுகிறேன். அவற்றை எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் சொல்ல முடியும்.

சத்துவாச்சாரியிலிருந்து விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் வரை சர்வீஸ் ரோட்டில் போய்த் திரும்புவது ஆறு ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். சாதாரண பெடல், சாதாரண கேன்வாஸ் ஷூ. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ளும் ஆசை வந்தபிறகுதான், காலைப் பெடலோடு பிணைக்கும் கிளீட் பெடல் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். இதற்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர் வந்ததே பலருக்குக் குழப்பம் தருகிறது. முன்காலத்தில் பந்தய வீரர்கள் பாதத்தின் முனையைக் கூண்டு போன்ற கிளிப்பில் நுழைத்து வாரால் இறுக்கிக்கொண்டார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் அந்தக் கூண்டே தேவையில்லாத பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். கிளிப் இல்லாதது என்பதால் அந்தப் பெயர்.

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஷூவின் அடியில் மூன்று துளைகளில் பெரிய பிளாஸ்டிக் கிளீட்டைப் பொருத்துவது ஒன்று. இரண்டு துளைகளில் சிறிய உலோகக் கிளீட்டை, சோலுக்குள் பதிந்திருக்கும்படி பொருத்துவது மற்றொன்று. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான சிமானோ 1990இல் எஸ்.பி.டி. என்ற பெயரில் கொண்டுவந்தது இதைத்தான். டீக்கடையில் நிறுத்தவும், கோயில் வாசலில் நாலடி நடக்கவும், சர்வீஸ் ரோடு பெயர்ந்து கிடக்கும் இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும் நம் பக்கத்துக்கு ஏற்றது இரண்டாவது வகைதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நான் கேட்டதும் அதைத்தான். கடைக்காரர் தலையை ஆட்டி மறுத்தார்: “சார், உங்களது ரோடு பைக். இதுக்கு மூணு துளைதான் சார் வரும். அது மலையேறுற பைக்குக்கு.”

இது அப்பட்டமான பொய். பெடல் திருகும் மரை இரண்டு வகைக்கும் ஒரே 9/16 அங்குல அளவுதான். எந்தப் பெடலையும் எந்த ரோடு பைக்கிலும் மாட்டலாம். அவரிடம் இருப்பில் இருந்தது மூன்று துளை என்பதுதான் உண்மையான காரணம் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

ஷூ விஷயத்தில் நடந்ததை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். காலை பத்தரை மணிக்குப் போயிருந்தேன். பாதத்தை அவர் அளக்கவில்லை. சாதாரண ஷூ எட்டாம் எண் என்று சொன்னதும் 41 என்று எழுதிய ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது என்றேன். “போகப் போக லூஸ் ஆயிடும் சார், சைக்கிள் ஷூ டைட்டாத்தான் இருக்கணும்” என்றார். பெடல், ஷூ இரண்டுக்குமாக 11,800 ரூபாய் கொடுத்தேன். கிளீட்டையும் அவரே பொருத்தி, கால் நழுவாமல் இருக்கும் என்று சொல்லிப் பெடலின் ஸ்பிரிங்கையும் முழுக்க முறுக்கிக் கொடுத்தார்.

முதல் நாளே காட்பாடி மேம்பாலத்துக்கு முன் போக்குவரத்து நின்றபோது, காலை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தும் பெடல் விடவில்லை. அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். வலப்பக்கம் விழுந்திருந்தால் பேருந்துச் சக்கரம். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்த ஸ்பிரிங் மிகத் தளர்வான நிலையில் இருக்க வேண்டும், கால் பழகிய பிறகு சிறிது சிறிதாகத்தான் முறுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த பாலபாடம்.

மூன்றாவது வாரம் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வலது பாதத்தின் விரல்கள் மரத்துப்போயின. முழங்காலின் உட்பக்கம் ஊசி குத்துவது போல வலித்தது. மருத்துவர் ஆறு வாரம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மனைவியின் தாய்மாமா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டு அமுக்கிப் பார்த்தார்.

“தோலா இருந்தா காலுக்குத் தகுந்த மாதிரி விட்டுக்கொடுக்கும் மாப்பிள்ளை. இது துணி மேல ரெக்ஸின் மாதிரி ஒட்டினது. அடியில நைலான் பலகை. இது எங்கே லூஸ் ஆகும்?”

அன்று மாலை செய்தித்தாளை விரித்து, என்னை அதன்மேல் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டார். வலது பாதம் 26.3 செ.மீ. நீளம், இடது அதைவிட 3 மி.மீ. குறைவு. பெரிய பாதத்துக்குத்தான் ஷூ வாங்க வேண்டும் என்றார். சிமானோவின் அளவுப் பட்டியலில் 41 என்பது 25.8 செ.மீ., 42 என்பது 26.5 செ.மீ., 43 என்பது 27.2 செ.மீ. பாதத்துக்கு உரியது. ஆக, என் கால் நீளத்துக்கே போதாத ஷூ எனக்கு விற்கப்பட்டிருக்கிறது. அகலத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பாதம் மாலையில் வீங்கியிருக்கும் என்பதால் மாலையில்தான் ஷூ போட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் மணிக்கணக்காக மிதிக்கிறவருக்கு வீக்கம் இன்னும் கூடும்.

முழங்கால் வலிக்குக் காரணம் கிளீட்டின் நிறத்தில் இருந்தது. சிமானோவின் மூன்று துளைக் கிளீட்டில் மஞ்சள் நிறம் பாதத்தை 6 டிகிரி வரை திரும்ப விடும். நீலம் 2 டிகிரி. சிவப்பு துளியும் விடாது. மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: பலருக்குப் பாதம் நேராக நிற்காது, எனக்கு வெளிப்பக்கம் நன்றாகவே திரும்பி நிற்கிறது. அப்படிப்பட்ட பாதத்தைச் சிவப்புக் கிளீட்டில் நேராகப் பூட்டிவிட்டு நிமிடத்துக்கு 85 முறை மிதித்தால், ஒரு மணி நேரத்தில் 5,100 முறை அந்த முழங்கால் முறுக்கப்படுகிறது. போதாக்குறைக்குக் கிளீட் விரல்களை ஒட்டி முன்னே தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் புடைத்திருக்கும் எலும்புகளைத் தொட்டுப் பார்த்து, ஷூவின் வெளியே இரண்டு பக்கமும் குறி வைத்து, பெடலின் அச்சு அந்தக் குறிகளுக்கு நடுவே வருமாறு பொருத்த வேண்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் கொஞ்சம் பின்னே தள்ளினாலும் நல்லதே.

ஆனால் பெடலின் பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் ஏமாற்றின் முழு அளவும் தெரிந்தது. பெட்டிக்குள் மஞ்சள் கிளீட் இருக்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, முனை தேய்ந்த பழைய சிவப்புக் கிளீட்டை என் ஷூவில் திருகியிருக்கிறார்கள். ‘ரேஸ் கிளீட்’ என்று அன்று பெருமையாகச் சொன்னது இதைத்தான்.

வாங்கிய 24ஆம் நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இந்த வரியைக் கண்டு பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்த பிறகு, பெடலின் விலையை மட்டும் திருப்பித் தந்தார். ஷூவைப் போட்டு ஓட்டிவிட்டேன் என்று சொல்லி அதை வாங்க மறுத்துவிட்டார். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை என்பதால், ஷூவுக்கும் மருத்துவச் செலவுக்கும் அங்கே மனு கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு துளை ஷூவும், எந்தப் பக்கம் திருப்பினாலும் எளிதில் விடுபடும் சிமானோவின் எஸ்.எச்.56 கிளீட்டும் வேறு ஊரில், மாலை நேரத்தில், அரை மணி நேரம் கடைக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்து வாங்கியிருக்கிறேன். பள்ளிகொண்டாவில் பார்த்த மாணவரிடம் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். கடையிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார். ரசீது இருக்கிறது, வாங்கி இன்றோடு 17 நாள் ஆகிறது. நாளை மாலை அவரோடு நானும் அந்தக் கடைக்குப் போகிறேன்.